அந்த உறுமலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் யோட்டுன் இசைக்குழு 2021-இல் வெளியிட்ட ‘ஆக்சஸ் ஆல் வேர்ல்ட்ஸ்’ ஆல்பத்தை மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அதை மெலடிக் ப்ரோகிரெஸிவ் டெத் மெட்டல் என்கிறார்கள், அதாவது உறுமலும் கனமும் வேகமும் கொண்ட மெட்டல் இசையில் ஒரு பிரிவு. பாடகரோ சில இடங்களில் நெஞ்சை உருக்குகிற மாதிரி பாடுகிறார், அடுத்த நிமிடம் உறுமுகிறார். "இவ்வளவு நன்றாகப் பாடத் தெரிந்தவர் எதற்கு உறுமவேண்டும்? இதை டெத் மெட்டல் என்று சொல்வதே சரியா?" என்பது உங்கள் கேள்வி. கூடவே, இப்படி உறுமினால் தொண்டை கெட்டுவிடாதா என்று ஒரு வரி. மேலோட்டமாகப் பார்த்தால் வகைப்பெயரைப் பற்றிய சந்தேகம் போல இருக்கிறது. ஆனால் உங்களை உறுத்துவது, அந்த உறுமலை மட்டும் வடிகட்டிவிட்டால் ஆல்பம் இன்னும் நன்றாக இருக்குமே என்ற ஆதங்கம்தான் என்று எனக்குப் படுகிறது. எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆதங்கம் இருந்தது. அது எப்படிப் போனது என்று சொன்னால் உங்கள் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் என் தகுதியும் அதன் எல்லையும். சென்னையில் பதினேழு ஆண்டுகளாக ஒலிப்பதிவு வேலை செய்கிறேன். பிழைப்பு விளம்பரப் பாட்டு, பக்திப் பாட்டு, டப்பிங் என்று போகும். மெட்டல் சனி, ஞாயிறு விவகாரம். கல்லூரிக் காலத்தில் ஒரு மெட்டல் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தேன். பிற்பாடு உள்ளூர்க் குழுக்கள் சிலவற்றைப் பதிவு செய்து மிக்ஸ் செய்திருக்கிறேன். ஆகவே கிட்டார், டிரம்ஸ், மிக்ஸிங் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். நான் பாடகன் இல்லை, தொண்டை மருத்துவனும் இல்லை. குரலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பலரைப் பதிவு செய்ததில் தெரிந்துகொண்டது. ஒரு பாட்டு என்ன உணர்வைத் தருகிறது என்று சொல்லும் இடங்களில் அது என் காதின் அபிப்பிராயம் மட்டுமே. உங்கள் காது வேறு சொன்னால் சண்டை இல்லை.

யோட்டுன் கோபன்ஹேகனில் இயங்கும் குழு. பெயரை ‘அயோட்டன்’ என்று படிக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. நார்ஸ் புராணங்களில் தேவர்களோடு ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் பூதாகாரமான இனத்தின் பெயர் அது, ‘யோ’வில் தொடங்கவேண்டும். யெஸ்பர் கிராஸ், யென்ஸ் நிக்கோலாய் கிராஸ் என்று சகோதரர்கள் இருவர் கிட்டார் வாசிக்கிறார்கள். பேஸ் கிட்டார் எஸ்கில் ராஸ்க், டிரம்ஸ் பியோர்ன் விண்ட் ஆண்டர்சன். 2016-இல் ‘தி விசார்ட் ஃபால்ஸ்’ என்ற சின்னத் தொகுப்பு வந்தபோது பாடியவர் வேறு ஒருவர். இப்போது நீங்கள் கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரரான யோன் அல்தாரா அதற்குப் பிறகுதான் சேர்ந்தார். இந்த வரிசை முக்கியம். அண்ணன் தம்பி கிட்டார்களின் பேச்சு முதலிலேயே அமைந்துவிட்டது, குரல் பின்னால் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. ஆல்பத்தைக் கேட்டாலே அது தெரியும். மெட்டல் பிளேட் நிறுவனம் வெளியிட்டது. ஏழே பாட்டு, மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கடைசிப் பாட்டு மட்டும் ஏறக்குறைய 14 நிமிடம்.

சரி, உறுமலுக்கு வருவோம். நாம் பாடும்போது குரல்நாண்கள் சீராக அதிர்கின்றன. அந்தச் சீர்தான் நமக்குச் சுருதியாகக் கேட்கிறது. உறுமும்போது குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களும் சுற்றியுள்ள மடிப்புகளும் ஒழுங்கில்லாமல் அதிரத் தொடங்குகின்றன. ஒழுங்கு போனால் சுருதியும் மங்கிவிடும். ச, ரி, க என்று உறுமிக் காட்ட முடியாது. வாயையும் நாக்கையும் வைத்து ஆ, ஈ, ஊ என்று நிறம் மாற்றலாம், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தாளத்துக்கு ஏற்றபடி வெட்டலாம். மெட்டு போட முடியாது. அதாவது உறுமத் தொடங்கிய நொடியில் பாடகர் மெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாளவாத்தியக்காரர் ஆகிவிடுகிறார். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகாத காதுகள் தடுமாறுவது இங்கேதான். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு மெட்டு என்றால் குரலில் இருக்கவேண்டும். அங்கே தேடுகிறோம், இல்லை. உடனே இதில் பாட்டே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

குரல் இறக்கி வைத்த மெட்டு கிட்டாரிடம் போய்ச் சேர்கிறது. மெலடிக் டெத் மெட்டல் என்ற பிரிவின் கதையே இந்த இடமாற்றம்தான். எண்பதுகளின் பிற்பாதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டெத், மார்பிட் ஏஞ்சல் போன்ற குழுக்களும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் என்டூம்ட் போன்றவையும் கனத்துக்கும் வேகத்துக்கும் பேர்போனவை. மெட்டு அவர்களுக்கு முதல் கவலை இல்லை. ஸ்வீடனின் மேற்குக் கரையில் இருக்கும் கோதன்பர்க்கில் அட் த கேட்ஸ், இன் ஃபிளேம்ஸ், டார்க் ட்ராங்க்விலிட்டி என்று மூன்று குழுக்கள் தொண்ணூறுகளின் நடுவில் வேறொரு வேலை செய்தன. உறுமலையும் வேகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் குழுவின் பாணியில் இரண்டு கிட்டார்களை ஒன்றோடொன்று இழைந்து பாடவிட்டன. 1995, 1996-இல் வந்த அவர்களது பெயர்பெற்ற ஆல்பங்கள் கோதன்பர்க்கின் ஸ்டுடியோ ஃப்ரெட்மனில், ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம் கையில் பதிவானவை. யோட்டுனின் இந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்து மாஸ்டர் செய்தவரும் அதே நோர்ட்ஸ்ட்ரோம்தான். டென்மார்க்கின் ஃபிரெடரிக்ஷவன் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் சில மணி நேரத்தில் கோதன்பர்க் வந்துவிடும். இசையிலும் தூரம் அவ்வளவுதான்.

ஆகவே இதை டெத் மெட்டல் என்பது சரியா என்றால், சரிதான். ஒரு வகைப்பெயர் பாட்டின் மனநிலையைச் சொல்வதில்லை, எந்தப் பட்டறையில் செய்தது என்பதைச் சொல்கிறது. உறுமல், இரண்டு காலாலும் மாறி மாறி மிதிக்கும் டபுள் பாஸ் டிரம்ஸ், ஒரே தந்தியை மேலும் கீழுமாகப் படபடவென்று மீட்டும் ட்ரெமலோ, தேவைப்படும்போது டிரம்ஸை இடைவெளியே இல்லாமல் அதிவேகத்தில் அடிக்கும் பிளாஸ்ட் பீட். இந்த ஆல்பத்தில் நான்கும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு பயத்தையோ பிணத்தையோ பாடாமல் விண்வெளியைப் பாடுகிறார்கள் என்பதால் பட்டறை மாறிவிடாது. தேர் செய்யும் உளியால் தொட்டிலும் செய்யலாம்.

‘ப்ரோகிரெஸிவ்’ என்ற சொல்லைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று எண்ணிக்கை மாறும் தாளக் கணக்கை எதிர்பார்ப்பார்கள். அந்த வித்தை காட்டுவது இவர்களுடைய நோக்கமாக எனக்குத் தெரியவில்லை. இங்கே அந்தச் சொல் குறிப்பது நீளத்தையும் போக்கையும். பல்லவி, சரணம், பல்லவி என்று சுற்றி வராமல் பாட்டு ஒரு திசையில் நடந்துகொண்டே போகிறது. இதற்கும் முன்னோடிகள் உண்டு. எட்ஜ் ஆஃப் சானிட்டி என்ற ஸ்வீடன் குழு 1996-இல் 40 நிமிட ஒற்றைப் பாட்டையே ஒரு முழு ஆல்பமாக வெளியிட்டது. ஓப்பெத் குழு பத்து நிமிடப் பாட்டு என்பதை இந்த உலகில் சாதாரணமாக்கியது. உறுமலும் பாடலும் ஒரே தொண்டையிலிருந்து வரலாம் என்று நிறையப் பேருக்குக் காட்டியதும் ஓப்பெத்தான். 2001-இல் வந்து அவர்களுக்குப் பெரும்பெயர் வாங்கித்தந்த ஆல்பமும் ஃப்ரெட்மனில் பதிவானதே. யோட்டுனை அந்தப் பக்கத்து உறவுக்காரர் என்றே சொல்லலாம்.

இனி நான் மனம் மாறிய கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளூர்க் குழுவைப் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். பாடகர் தம்பி நன்றாகப் பாடுவார், நன்றாக உறுமவும் செய்வார். மிக்ஸ் முடிந்த பிறகு தனியாக வந்து, "அண்ணா, அம்மாகிட்ட போட்டுக் காட்டணும், உறுமல் இல்லாம ஒரு வெர்ஷன் கொடுங்களேன்" என்றார். உறுமல் ட்ராக்குகளை ம்யூட் செய்து ஒரு பிரதி எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. இனிமையான பாட்டு கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். போட்டுக் கேட்டால் பாட்டு படுத்துவிட்டது. கிட்டார்கள் எதற்கோ காத்திருப்பது போல ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் திடீரென்று பாடகர் வந்து உருகினார், சீரியலில் காரணமே இல்லாமல் அழுவார்களே, அந்த மாதிரி. முன்பு அதே வரியைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குரல் அதே குரல், சுரம் அதே சுரம். அதற்கு முன் இரண்டு நிமிடம் சுருதியே இல்லாமல் காதைக் காயப் போட்டிருந்ததுதான் அந்த வரியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

இதே கண்ணோடு யோட்டுனைப் பாருங்கள், மன்னிக்கவும், கேளுங்கள். இரட்டைக் குரல் வைக்கும் பல குழுக்கள் ஒரு சூத்திரத்தில் சிக்கிக்கொள்கின்றன: சரணத்தில் உறுமல், பல்லவியில் இனிமை, மறுபடி உறுமல். கோபம் வந்தால் ஒருவர், காதல் வந்தால் இன்னொருவர் என்று இரண்டு பாத்திரங்கள் மாறி மாறி மேடையேறுவது போல இருக்கும். இந்த ஆல்பத்தில் எனக்குக் கேட்பது ஒரே ஆள், இரண்டு தொலைவுகளில். உறுமும்போது பக்கத்தில் நிற்கிறார், பாடும்போது எங்கோ உயரத்திலிருந்து பார்க்கிறார். விண்வெளிப் பயணத்தைப் பாடும் ஆல்பத்துக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசியுங்கள். கலத்துக்குள் அடைபட்டிருப்பவனின் மூச்சும், வெளியே எல்லையில்லாமல் கிடக்கும் வெளியும் ஒரே தொண்டையில் வருகின்றன.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் காலப்பிரமாணம். பாடல் குரல் வரும் இடங்களில் டிரம்ஸைக் கவனியுங்கள். பாடகர் ஓர் உயிரெழுத்தை நீட்டி, நிதானமாக, விளம்ப காலத்தில் போவார். கீழே டபுள் பாஸ் துரித காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவே கிட்டார்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் இழையும். மூன்று காலங்கள் ஒரே நேரத்தில். நம் கச்சேரிகளில் பாடகர் விஸ்தாரமாக ஒரு வரியை இழுக்க, மிருதங்கம் அதற்குள்ளேயே மேற்காலம் வாசிக்குமே, அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது அந்நியமே இல்லை. ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே பார்த்தால் தண்டவாளத்துக் கல் பறக்கும், தொலைவில் மலை நகராமல் நிற்கும். அந்த மலைதான் அல்தாராவின் குரல். தலைப்புப் பாட்டில் இது நன்றாகக் கிடைக்கும். வேகமான இசையில் எப்படி ஓர் அமைதி வருகிறது என்று நீங்கள் வியந்திருந்தால் காரணம் இதுவே.

அந்தக் குரலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அல்தாரா ஃபாரோ தீவுகளைச் சேர்ந்தவர். டென்மார்க் அரசின்கீழ் தன்னாட்சியோடு இருக்கும் 18 தீவுகள், வட அட்லாண்டிக்கின் நடுவில். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். நம் ஊரில் ஒரு சுமாரான நகராட்சி அளவு. அங்கே அவர் ஹம்ஃபெர் என்ற குழுவில் பாடுகிறார், அதுவும் ஃபாரோ மொழியிலேயே. கடலில் மாண்டவர்களோ தத்தளிப்பவர்களோ உறவினர் கண்ணுக்குத் தோன்றும் உருவத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்தான் அந்தக் குழுவின் பெயர். 2015 மார்ச் 20 அன்று முழுச் சூரிய கிரகணம் அந்தத் தீவுகளைக் கடந்தபோது, இருட்டிக்கொண்டு வரும் வானத்தின்கீழ் நின்று பாடி அதையே காணொளியாக எடுத்தார்கள். தேடிப் பாருங்கள், இரண்டு குரலும் கண்முன்னே ஒரே ஆளிடமிருந்து வருவது தெரியும். ஃபாரோவில் வாத்தியம் இல்லாமல் கூட்டமாகக் கைகோத்து ஆடிக்கொண்டே நீண்ட கதைப்பாடல்களைப் பாடும் வழக்கமும், நிதானமாக இழுத்துப் பாடும் பழைய தேவாலயப் பாட்டு முறையும் உண்டு. இவ்வளவும் உறுதியான தகவல். அல்தாரா ஓர் உயிரெழுத்தை அவசரமில்லாமல் நீட்டும் விதத்தில் அந்தப் பழக்கத்தின் சாயல் எனக்குக் கேட்கிறது என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

டென்மார்க் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து என்று மெட்டல் ஆட்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள். டென்மார்க்கை மறந்துவிடுவார்கள். 1983-இல் முதல் ஆல்பம் போட்ட மெர்சிஃபுல் ஃபேட், பாடகர் கிங் டயமண்டின் உச்சஸ்தாயிக் கீச்சுக் குரலோடு, பின்னால் வந்த பாதி உலகத்துக்கு வழிகாட்டியது. மெட்டாலிக்கா தங்கள் இரண்டாவது, மூன்றாவது ஆல்பங்களைக் கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில்தான் பதிவு செய்தது. 2004-இல் ஆல்போர் நகரத்து மெர்செனரி குழு ‘லெவன் ட்ரீம்ஸ்’ ஆல்பத்தில் உறுமலையும் உயர்ந்த பாடல் குரலையும் கலந்து ஒரு நல்ல காரியம் செய்தது. அதில் பல்லவி வந்தால் கூடவே பாடத் தோன்றும். யோட்டுனை விட எளிதில் ஒட்டிக்கொள்ளும். உறுமலுக்குப் பழக நினைப்பவர்களுக்கு முதல்படியாக நான் அதைச் சொல்வதுண்டு.

பக்கவழியில் ஒரு வாத்து. ஆல்பத்தின் முதல் பாட்டு ‘வாயேஜ் ஆஃப் த கார்கனி I’. அதில் வரும் விண்கலத்தின் பெயர் கார்கனி. பறவை பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியும்: நாம் நீலச்சிறகி என்று அழைக்கும் சிறு வாத்து அது. கோடையில் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வந்தால் ஏறக்குறைய மொத்தக் கூட்டமும் கிளம்பி ஆப்பிரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் போய்விடும். டென்மார்க்கில் கொஞ்சமே கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தின் கடைசியில் வேடந்தாங்கல் பக்கம் போனால், ஆணின் கண்ணுக்கு மேல் வளைந்து இறங்கும் வெள்ளைப் பட்டையை வைத்து அடையாளம் காணலாம். ஒரு கண்டத்தில் பிறந்து இன்னொரு கண்டத்தில் பிழைக்கும் பறவையின் பெயரை, பூமியை விட்டுப் போகும் கலத்துக்கு வைத்திருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்த முதல் பாட்டு எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்லமாட்டேன். என் தொழில் காதுக்கு மிக்ஸ் கொஞ்சம் நெரிசல். கிட்டார்கள் அடுக்கடுக்காக வருவதால் பேஸ் என்ன செய்கிறது என்பது பல இடங்களில் அமுங்கிப்போகிறது. உரத்த பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் இடையே இன்னும் கொஞ்சம் இறக்கம் விட்டிருக்கலாம். எல்லாம் எப்போதும் முழு வெளிச்சத்தில் இருக்கிறது. இரண்டாவது, நீளம். ஒரு மணி நேரம் இந்த அடர்த்தியைக் கேட்பது உழைப்பு. நானே முதல் சில முறை நடுவில் கவனம் சிதறி, ‘தி வீவர் சிஸ்டம்’ பாட்டில் இருக்கும்போது எந்தப் பாட்டில் இருக்கிறேன் என்று திரையைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, நினைவில் ஒட்டிக்கொள்ளும் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, என்று எடுத்தால் கணக்கு குறைவு. முனகிக்கொண்டே நடக்க ஒரு வரி கேட்டால் பாடல் குரலிலிருந்துதான் எடுக்கவேண்டும். கிட்டாரிலிருந்து ஒன்றை எடுப்பது, ஓடும் ஆற்றில் ஒரு கை தண்ணீரை அடையாளம் வைப்பது போல.

இப்போது நீங்கள் செய்து பார்க்கவேண்டியது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியும் கேட்காதீர்கள். மெட்டல் பதிவில் ஒரே ரிதம் கிட்டாரை இரண்டு முறை வாசித்து, ஒன்றை முழுக்க இடதுக்கும் மற்றதை முழுக்க வலதுக்கும் தள்ளுவது எங்கள் வழக்கம். ஒரு காது என்றால் பாதிப் பாட்டு போச்சு. தலையை மூடும் ஹெட்போன் போட்டுக்கொண்டு ‘வேவ்ஸ் பிலோ’வில் தொடங்குங்கள். அதில் உள்ள சோகம் முதல் தடவையிலேயே பிடிபடும். உறுமல் வரும்போது குரலை அப்படியே விட்டுவிட்டு, மெட்டு வாசிக்கும் லீட் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், அதுதான் அப்போதைய பாடகர் என்று நினைத்து. பாடல் குரல் திரும்பி வரும்போது கிட்டார் என்ன ஆகிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது ஒதுங்கி வழிவிடும், சில இடங்களில் கூடவே சேர்ந்து போகும். இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு உறுமல் குறுக்கீடாகத் தெரியாது. அடுத்து தலைப்புப் பாட்டு. அதற்கப்புறம் ‘தி டவர் ஆஃப் காஸ்மிக் நிஹிலிட்டி’. ஆல்பத்தில் கடுமையானது அதுதான், வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளுகிறேன். 14 நிமிடப் பாட்டை இரவில், வேறு வேலை இல்லாதபோது மட்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் உறுமல் பிடிக்கவில்லையா? பிடிக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2024 அக்டோபரில் வந்த அவர்களது அடுத்த ஆல்பம் ‘கின்ஷிப்’ எடுத்துப் பாருங்கள். அதில் பாடல் குரலுக்கு இடம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது, மிக்ஸிலும் மூச்சுவிட இடம் இருக்கிறது. ‘மிஸ்ட்லேண்ட்’ கேட்டால் போதும், மேலே போகலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். ஆனால் முதல் பாட்டே கிட்டத்தட்ட 14 நிமிடம், எச்சரித்துவிடுகிறேன்.

கடைசியாகத் தொண்டை. முறையாகப் பழகியவர்கள் உறுமும்போது நாம் நினைக்கிற அளவுக்குச் சத்தம் போடுவதே இல்லை. அறையில் பக்கத்தில் நின்று கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும். மூச்சை வயிற்றிலிருந்து கட்டுப்படுத்தி மைக்கை நம்பி நிதானமாகச் செய்வார்கள். ஒலியைப் பெரிதாக்குவது எங்கள் வேலை. தொண்டையை இறுக்கிக் கத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் கல்லூரிக் குழுவின் பாடகன் யூட்யூப் பார்த்து ஒரே ராத்திரியில் உறுமக் கற்றுக்கொண்டு, மறுநாள் மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்தான். இரண்டு வாரம் சைகையில்தான் பேசினான். வலி வந்தால் நிறுத்தவேண்டும், குரல் கம்மினால் ஓய்வு கொடுக்கவேண்டும், கம்மல் நாள்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும். எத்தனை ஆண்டு உறுமினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர் பேசவேண்டிய விஷயம். நீங்கள் முயன்று பார்க்கப்போகிறீர்கள் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.